நாலு நிமிட மந்தம்

"சி-ஏழு யாருப்பா?" என்று பேராசிரியர் உலகநாதன் கேட்டதும், அன்புராஜ் கையிலிருந்த குழாயைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பதற்குப் பதிலாகத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"உன்னத்தான் அன்பு. ரத்தம் குடுத்த அந்த ஏழாம் நம்பர் டோனர் யாரு?"

"எதுக்கு சார்?"

"எதுக்கா? இங்க வந்து பாரு."

வில்லியனூரைத் தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவில் எழும்பியிருந்த அந்த மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில், ஆய்வுக்கூட டெக்னீஷியனாக அன்புராஜ் ஐந்து வருடமாக வேலை பார்த்து வந்தான். சொந்த ஊர் கரியமாணிக்கம். அப்பா வயலில் கரும்பு வெட்டியவர். அவர்கள் தெருவில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏ.சி. அறையில் வேலை செய்யும் முதல் ஆள் இவன்தான். கோட்டைக் கழற்றாமலே சில நாள் பஸ் ஏறிவிடுவான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மறதியால் அப்படிச் செய்ததாக அவன் சொல்வான்.

நோய் எதிர்ப்புச் செல்கள் ஆபத்து என்றால் எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொள்கின்றன என்று பார்ப்பதுதான் அங்கே நடந்த ஆய்வு. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து அவற்றில் ஒரு சாயத்தை ஏற்ற வேண்டும். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் அந்தச் சாயம் ஒளிரும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மிஷின், செல்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு, எது ஒளிர்கிறது, எது இல்லை என்று பார்த்துத் திரையில் கோடு போடும். முதல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, அதன்பிறகு, கிருமி வந்துவிட்டது என்று செல்லை நம்பவைக்கிற ஒரு மருந்தை ஊற்றுவார்கள். ஆரோக்கியமான செல் என்றால் அரை நிமிடத்துக்குள் கோடு செங்குத்தாக ஏறிவிடும்.

சி-ஏழின் கோடு ஏறவில்லை. மருந்து ஊற்றி நாலு நிமிடம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு யாரோ உலுக்கி எழுப்பியதுபோல் லேசாகத் தலையைத் தூக்கிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது.

"திருடன் உள்ள வந்து, பீரோவத் தூக்கி, வண்டியில ஏத்தி, ஊர் எல்லையத் தாண்டினப்புறம் ஒரு நாய் எழுந்து குரைக்கும் பாரு, அந்த மாதிரி இருக்குது இவன் செல்லு" என்றார் உலகநாதன்.

"மிஷின் கோளாறா இருக்கலாம் சார்."

"கடைசி மருந்துக்கு எப்படி ஏறியிருக்குன்னு பாத்தியா?"

பார்த்தான். எந்தச் செல்லாக இருந்தாலும் கட்டாயம் ஒளிரவைக்கிற ஒரு மருந்தைக் கடைசியில் ஊற்றுவது வழக்கம். அதற்குச் சி-ஏழின் கோடும் நன்றாகவே ஏறியிருந்தது. சாயத்தின்மேலும் மிஷின்மேலும் பழி போட வழியில்லை. குற்றம் அந்த ஆளின் செல்லில்தான்.

"இருபது டோனர்ல பத்தொம்பது பேரு ஒழுங்கு. இவன் ஒருத்தன்தான் இப்படி" என்ற உலகநாதன் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரி ஆளு ஒரு சாதாரண சளியில போயிடுவான் அன்பு. உடனே கூட்டிகிட்டு வா."

அன்புராஜ் யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஏனென்றால் சி-ஏழு அவன்தான்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை. ரத்தம் கொடுப்பதாகச் சொல்லியிருந்த பாகூர் சுப்பராயலு, எட்டரை மணிக்குப் போன் செய்து, மாடு கன்று போடுகிறது, வர முடியாது என்றுவிட்டார். அதற்குள் அன்புராஜ் சாயத்தை வெளியே எடுத்து உருகவிட்டிருந்தான். ஒருமுறை உருகிய சாயத்தைத் திரும்ப உறையவைக்க முடியாது. "மத்தியானத்துக்குள்ள ஓட்டி முடிச்சு ஃபைல்ல போட்டுடு, இருபதும் சேந்தப்புறம் ஒண்ணாப் பாத்துக்கறேன்" என்று உலகநாதன் முந்தின நாளே சொல்லியிருந்தார். அன்புராஜ் கீழே ரத்தம் எடுக்கும் அறைக்கு ஓடி, ரோஸ்லின் அக்காவிடம் கையை நீட்டினான். "சி-ஏழுன்னு ஸ்டிக்கர் ஒட்டி மேல அனுப்பிடுங்கக்கா. யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றுவிட்டு, மற்ற வேலையைப் பார்க்க மாடிக்கு ஓடி வந்துவிட்டான். அன்று மிஷின் போட்ட கோட்டை அவசரத்தில் அவன் நின்று பார்க்கக்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்து ஆட்கள் டோனராக இருக்கக் கூடாது என்பது விதி. விதியில் கையெழுத்துப் போட்டவர் உலகநாதன். அதனால் டோனர் பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேராக, 'கலைவேந்தன், வயது 34, உறுவையாறு' என்று எழுதிவைத்தான். வயது மட்டும்தான் நிஜம். பெயர், வில்லியனூர் சந்திப்பில் பஸ்ஸிலிருந்து பார்த்த ஒரு பிறந்தநாள் பேனரில் இருந்தது.

"அவரு வேளாங்கண்ணிக்குப் போயிருக்காரு சார்" என்றான் இப்போது.

"கலைவேந்தன்னு பேரு. வேளாங்கண்ணிக்கா?"

"வேண்டுதல் சார்."

"பாவம், அவனுக்கே ஏதோ தெரிஞ்சிருக்கு. சரி, வரட்டும். திங்கக்கிழமை நானே ஜீப் எடுத்துகிட்டு உறுவையாறு போறேன். நீ வீட்டைக் காட்டு."

அன்று சாயந்திரம் கரியமாணிக்கம் பஸ்ஸில் அன்புராஜ் தன்னையே கவனித்துக்கொண்டு வந்தான். கொசு ஒன்று கையில் உட்கார்ந்து, கடித்து, எழுந்து போன பிறகுதான் அவன் கை அங்கே போனது. கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் டிக்கெட்டுக்குப் பணத்தை எடுத்தான். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் அந்தக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

வீட்டில் மனைவி சகாயராணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். வேலை போகப் போவதையும் சொன்னான், உயிர் போகப் போவதையும் சொன்னான். இந்த மாதம்தான் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். உலகநாதன் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டில் பொய் எழுதியவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சகாயராணி அலட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க லேட்டுன்னு இன்னாத்துக்கு மிஷின் வச்சிப் பாக்கணும்? பொண்ணு பாக்க வந்தப்ப நான் காபிய நீட்டிக்கினே நின்னேன். அதுல ஆடை கட்டினப்புறம்தான் கைய நீட்டினீங்க."

"விளையாடாத சகாயம். செல்லுல கால்சியம் ஏற மாட்டேங்குது."

"கால்சியம்தான? அதுக்கா இப்படி மூஞ்ச வச்சிக்கினு கீறீங்க?"

"அது எலும்புல இருக்கற கால்சியம் இல்லடி. இது சிக்னல். செல்லுக்குள்ள சிக்னல் வரல."

"சிக்னல் வரலன்னா டவர்ல கோளாறு. டவர் நிக்கணும்னா சாப்புடணும்."

மறுநாளிலிருந்து காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் முருங்கைக்கீரை, இரவுக்கு நெத்திலிக் கருவாடு, மூன்று வேளையும் பிரண்டைத் துவையல் என்று ஏற்பாடானது. பிரண்டை நாக்கை அரித்தது. நாக்கு அரிப்பதை உடனே உணர முடிகிறதா, தாமதமாக உணர்கிறோமா என்று அன்புராஜ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஜீப் விஷயத்துக்கும் சகாயராணிதான் வழி சொன்னாள். அவளுடைய பிறந்த வீடு உறுவையாறு. அண்ணன் அந்தோணிசாமி அங்கேதான் இருந்தான். மினி லாரி ஓட்டுகிறவன், ஒரு மூட்டை சிமெண்டை ஒரே கையால் தூக்கி வைக்கிறவன்.

"எங்கண்ணன் கலைவேந்தனா வரட்டும். ஒரு நாள் கூத்துதான?"

அந்தோணிசாமி முதலில் சம்மதிக்கவில்லை.

"மாப்ள, ரத்தம் வேணும்னா ரெண்டு பாட்டில் எடுத்துக்க. பேர மாத்திச் சொல்றதுதான் எனக்கு வராது. ஞானஸ்நானம் பண்ண பேரு."

"ஒரு பேச்சுக்குத்தான் மச்சான். கலைவேந்தன். நாலு தடவ சொல்லிப் பாருங்க, பழகிடும்."

"கலைவாணன்."

"கலைவேந்தன்."

"அதான் சொன்னேன்."

திங்கட்கிழமை ஜீப் உறுவையாறுக்குப் போகுமுன்னே அந்தோணிசாமி ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றான். கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தான் அன்புராஜ். உலகநாதன் அவனை உட்காரவைத்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். அந்தோணிசாமியின் கால் விசுக்கென்று எழுந்து அவருடைய மேஜை டிராயரை மூடியது.

"காலு நல்லாத்தான் இருக்கு. செல்லுதான் மந்தம்" என்றார் உலகநாதன். "என்ன வேலை செய்யற?"

"லாரி ஓட்டறன் சார்."

"அதுக்கு முன்னால உங்க அப்பா?"

"கரும்பு வெட்டுவாரு சார்."

உலகநாதன் தலையாட்டினார். பண்டசோழநல்லூரில் அவர்கள் குடும்பத்துக்கு இருபது காணி கரும்பு. அந்தோணிசாமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அன்புராஜிடம் சொன்னார்:

"நான் நெனச்சேன். இது தலைமுறைத் தலைமுறையா வர்றது போல. எங்க நெலத்துல வேல செய்யறவங்களச் சின்ன வயசுலருந்து பாக்கறேன். ஒரு வேல சொன்னா, அது காதுல விழுந்து, மண்டைக்குப் போயி, கை நகர்றதுக்குள்ள மணி பன்னண்டு ஆயிடும். சோம்பேறித்தனம்னு எங்கப்பா திட்டுவாரு. பாவம், செல்லுலயே இருந்திருக்கு பாரு. உனக்குப் புரியுதில்ல?"

"புரியுது சார்" என்றான் அன்புராஜ். அவனுடைய அப்பா அந்த மாதிரி நிலங்களில் முப்பது வருடம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போனவர். அதைச் சொல்ல இது சமயமில்லை என்று நினைத்தான். ஒப்பந்தத் தாள் உலகநாதனின் மேஜையில் பச்சைக் கோப்புக்குள் இருந்தது.

கீழே ரோஸ்லின் அக்கா அந்தோணிசாமிக்கு ரத்தம் எடுத்தாள். அப்போதுதான் அன்புராஜுக்கு ஒரு விஷயம் உறைத்தது. மச்சான் ரத்தத்தை ஓட்டினால் கோடு ராக்கெட் மாதிரி ஏறும். போன தடவை படுத்த கோடு இந்தத் தடவை எப்படி ஏறியது என்று உலகநாதன் கேட்பார். கோடு படுக்க வேண்டும். நிச்சயமாகப் படுக்கும் ரத்தம் என்று அவனுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அக்கா, எனக்கும் ஒரு குழாய் எடுங்க. ஒடம்பு கொஞ்சம் சரியில்ல, டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்று சட்டைக் கையை மடித்தான்.

மேலே வந்ததும் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினான். மச்சான் ரத்தத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத் தன் ரத்தத்தைச் சி-ஏழாக்கினான். வெள்ளணுக்களைப் பிரித்து, சாயம் ஏற்றி, வெளிச்சம் படாமல் வெள்ளித்தாளைச் சுற்றி, முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தான். உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஒரு நிமிடம் ஓடியது. அன்புராஜ் மருந்தை ஊற்றினான். கோடு படுப்பதைப் பார்க்க மனசில்லாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

"அன்பு" என்றார் உலகநாதன்.

கண்ணைத் திறந்தான். கோடு திரையின் உச்சியில் இருந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்புராஜின் வாழ்க்கையில் இப்படி ஒரு கணம் வந்ததில்லை. பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷமும் மாட்டிக்கொண்டோம் என்ற பயமும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமினான். பிரண்டை வேலை செய்துவிட்டது. ஒரே வாரத்தில். மனைவியின் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் உலகநாதன் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொய் வெளியே வரும் நேரம் வந்துவிட்டது, நாமே சொல்லிவிடுவது நல்லது என்று அன்புராஜ் முடிவு செய்தான்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

"பேசாத. யோசிக்கறேன்."

"இல்ல சார், அந்தக் கலைவேந்தன்..."

"பேசாதன்னு சொன்னன்ல." ரொம்ப நேரம் கழித்து உலகநாதன் திரும்பினார். அவர் கண்கள் பளபளத்தன. "நாம நெனச்சதவிட இது பெருசு அன்பு. ஒரு வாரம் மந்தம், ஒரு வாரம் மின்னல். விட்டு விட்டு வருது. உலகத்துல யாருமே இத எழுதினதில்ல. அவனக் கூப்புடு."

அந்தோணிசாமி உள்ளே வந்தான்.

"கலைவேந்தன், இந்த மூணு வாரத்துல புதுசா என்ன சாப்ட்ட? மறைக்காம சொல்லு."

அந்தோணிசாமிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரப்படவில்லை. அதனால் உண்மையைச் சொன்னான்.

"பிராந்தி சார்."

"பிரண்டை சார்" என்றான் அன்புராஜ் அவசரமாக. "அவங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க. பிரண்டைத் துவையல்."

"எவ்வளவு?"

"ஒரு குவார்ட்டர்" என்றான் அந்தோணிசாமி.

"கால் கிலோ சார்" என்றான் அன்புராஜ்.

உலகநாதன் 'பிரண்டை, கால் கிலோ' என்று குறித்துக்கொண்டார். மாலைக்குள் விடுதிச் சமையலறைக்கு ஒரு சாக்கு பிரண்டை கொண்டுவரச் சொல்லிக் கடிதம் போனது.

அடுத்த சனிக்கிழமை காலையில் கருத்தரங்கு. வேறு கல்லூரிகளிலிருந்து எண்பது டாக்டர்கள் வந்திருந்தார்கள். சகாயராணி அண்ணனுக்கு ஒரு புது வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். அந்தோணிசாமி முதல் வரிசையில், இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அன்புராஜ் பின்னால் சுவரோரம் நின்றான். யாராவது ஒரு கேள்வி சரியாகக் கேட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. கேட்டுவிட மாட்டார்களா என்றும் பட்டது.

யாரும் கேட்கவில்லை. உலகநாதன் இரண்டு கோடுகளையும் திரையில் காட்டினார். படுத்த கோட்டுக்கு 'ச்ச்' என்றார்கள். எழுந்த கோட்டுக்கு 'ஓ' என்றார்கள்.

"அந்த டோனர் இங்கயே இருக்காரு" என்றார் உலகநாதன். "கலைவேந்தன், கொஞ்சம் எழுந்திரிங்க."

அந்தோணிசாமி நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

"கலைவேந்தன்."

அந்தோணிசாமி திரையில் இருந்த கோட்டை ரசித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற அன்புராஜுக்கு வேர்த்தது. இருமினான். செருமினான். அந்தோணிசாமி அவன் பக்கம் திரும்பி, தண்ணீர் குடி என்று சைகை காட்டினான்.

"மிஸ்டர் கலைவேந்தன்" என்று உலகநாதன் மூன்றாவது தடவை கூப்பிட, பக்கத்தில் இருந்த பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார். அந்தோணிசாமி துள்ளி எழுந்து, எல்லோருக்கும் கும்பிட்டான்.

உலகநாதன் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. நீங்களே பாத்தீங்க. முதல் தடவை இல்ல, ரெண்டாவது தடவை இல்ல. செல்லு மட்டும் இல்ல, ஆளே அப்படித்தான்."

மண்டபம் கைதட்டியது. எண்பது டாக்டர்களும் நெடுநேரம் தட்டினார்கள். அந்தோணிசாமியும் தட்டினான்.

அதன்பிறகு உலகநாதன் கடைசிப் படத்தைப் போட்டார். இப்படிப்பட்ட குறைபாட்டை முதலில் கண்டுபிடித்தவரின் பெயரை அதற்கு வைப்பது மருத்துவ உலகத்தின் மரபு என்றும், தனக்கு இதில் ஆசை இல்லை என்றும், நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்றும் சொன்னார். திரையில் கொட்டை எழுத்தில் 'உலகநாதன் மந்தம்' என்று வந்தது.

"அடுத்த கட்டம்" என்று தொடர்ந்தார். "உறுவையாறு, கரியமாணிக்கம், பண்டசோழநல்லூர். இந்த மூணு ஊர்லயும் கூலி வேலை பாத்து வந்த குடும்பங்கள்லருந்து முந்நூறு பேரோட ரத்தம் எடுக்கப் போறோம். இந்த ஜனங்களோட மந்தம் எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டா, அவங்களுக்கு ஏத்த மாதிரி வேலை, ஏத்த மாதிரி படிப்புன்னு அரசாங்கத்துக்கே நாம ஆலோசனை சொல்லலாம். எங்க அன்புராஜ்தான் அதுக்குப் பொறுப்பு. அவன் ஒப்பந்தத்தை மூணு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு."

மறுபடியும் கைதட்டினார்கள். சிலர் பின்னால் திரும்பி அன்புராஜைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனால் திரும்பச் சிரிக்க முடியவில்லை.

தேநீர் இடைவேளையில் அந்தோணிசாமி ஒரு தட்டில் நாலு சமோசாவோடு அவனைத் தேடி வந்தான்.

"மாப்ள, அந்த ஆளு என்னைய மந்தம்னா சொன்னாரு?"

"ஆமா மச்சான்."

"இத்தினி பேரு முன்னாடியா?"

"ஆமா."

அந்தோணிசாமி ஒரு சமோசாவை முழுதாக மென்று முடித்தான். "சரி, என்னைய சொன்னதுகூடப் போவட்டும். மூணு ஊரையும் சேத்தாரே. எங்கப்பா, ஒங்கப்பா, எல்லாரையும்தான சொன்னாரு?"

அன்புராஜுக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. நாலு மணி இருட்டில் அரிவாளைத் தேடாமலே எடுக்கும் கை. ஒரு வாரம் தன் உடம்புக்குள் என்னவோ கெட்டுப்போய் ஒரு கோடு படுத்துக்கொண்டதற்கு, மூன்று ஊர் ஜனங்களும் மந்தம் என்று புத்தகத்தில் ஏறப் போகிறது. அதற்கு ரத்தம் எடுத்துக் கொடுக்கப் போவதும் அவன்தான்.

"நீங்க வூட்டுக்குப் போங்க மச்சான். நான் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துடறேன்."

"வேலை போயிடும்டா."

"போவட்டும்."

இதைச் சொல்ல அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சொன்ன பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மண்டபத்தின் ஓரத்தில் ரோஸ்லின் அக்கா பேப்பர் கப்பில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். கருத்தரங்குக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. டீக்கு மட்டும் வந்திருந்தாள். மேடையில் உலகநாதனைச் சுற்றி டாக்டர்கள் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் விலகட்டும் என்று அன்புராஜ் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, எனக்கு ஒரு ஒதவி பண்ணணும். நான் சார்கிட்ட ஒரு உண்மையச் சொல்லப் போறேன். அவரு நம்ப மாட்டாரு. நீங்கதான் சாட்சி."

"எதுக்குபா?"

"அந்தச் சி-ஏழு நான்தான்னு. அன்னிக்கு புதன்கெழம நீங்க எங்கிட்ட எடுத்த ரத்தம்தான் அதுன்னு."

ரோஸ்லின் அக்கா டீயை ஆற்றுவதை நிறுத்தினாள். "எதுபா சி-ஏழு? அந்த ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினனே, அதுவா? அதுக்கா இத்தினி கூட்டம்?"

"அதுக்குத்தான். அதுலதான் நாலு நிமிஷம் மந்தம். என் ரத்தம்க்கா அது."

"ஒன் ரத்தம் இல்லபா."

அன்புராஜ் அவளைப் பார்த்தான்.

"திட்டாம கேளு" என்று ரோஸ்லின் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீ குதிச்ச அவசரத்துல, ரத்தம் உறையாத பச்ச மூடிக் குழாய்க்குப் பதிலா செவப்பு மூடிக் குழாய்ல எடுத்துட்டேன். நீ மாடியேறிப் போயிட்ட. கொஞ்ச நேரத்துல பாத்தா ரத்தம் அல்வா மாதிரி கட்டிப் போச்சு. ஒன்ன மறுபடியும் கூப்ட்டுக் குத்தறதுக்கு மனசு வரல, ஏற்கெனவே மூஞ்சி வெளுத்துப் போயிருந்த. அந்த நேரம் பாத்து ஒருத்தரு வெறும் வயித்துல சுகர் பாக்கணும்னு வந்து கைய நீட்டினாரு. எல்லாம் ரத்தம்தானன்னு அவருகிட்டயே ஒரு குழாய் சேத்து எடுத்து, ஸ்டிக்கர ஒட்டி அனுப்பிட்டேன்."

"யாருக்கா அது?"

ரோஸ்லின் அக்கா மேடைக்குப் பின்னால் இன்னும் அணைக்காமல் இருந்த திரையைப் பார்த்தாள். கொட்டை எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"பேரு சரியாத்தான்பா போட்டுக்கிறாங்க."